காகிதம் உங்களுடையது, சொல் என்னுடையது

கிரேட் மால்வெர்ன்,
9 மார்ச் 1908

மதிப்பிற்குரிய மிஸ் மாரோ அவர்களுக்கு,

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கையெழுத்து எனக்கு இருபத்தேழு ஆண்டுப் பழக்கம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, விட்பி முத்திரையோடு, ஊதா மையில் எழுதிய முகவரி. என் கணவர் மற்ற கடிதங்களையெல்லாம் காலை உணவு மேஜையிலேயே வெண்ணெய்க் கத்தியால் கிழிப்பார். உங்களுடையதை மட்டும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்து மூலையில் இருக்கும் கண்ணாடி வீட்டுக்குப் போய்விடுவார். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மனிதருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். கேட்டதில்லை.

நவம்பரில் அவர் காலமானபோது உங்கள் மலர்வளையமும் வந்தது. அட்டையில் 'ஒரு வாசகி' என்று மட்டும் இருந்தது. ஊதா மை.

விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பாளர் கிரிம்ஷா கிறிஸ்துமஸுக்கு ஒரு பிறந்தநாள் புத்தகம் போடுகிறார். 'ஆப்ரி தார்ன்கோமின் நகைச்சுவையும் ஞானமும்' என்று பெயர். நீங்கள் வேலை பார்க்கும் நூலகத்திலும் இப்படிப் பத்து இருக்கும்: நாளுக்கு ஒரு பொன்மொழி, அதன் கீழே ஒரு கோடு, அன்று பிறந்தவர் கையெழுத்துப் போட. முந்நூற்று அறுபத்தாறு வேண்டும். அவருடைய கவிதை, கதை, மேடைப் பேச்சு, பத்திரிகைப் பேட்டி என்று சல்லடை போட்டுச் சலித்ததில் இருநூற்று எழுபது தேறியது. பாக்கி தொண்ணூற்றாறு உங்களிடம் இருக்கிறது என்று கிரிம்ஷா நம்புகிறார். நானும் நம்புகிறேன்.

வக்கீலைக் கேட்டேன். கடிதம் யாருக்கு வந்ததோ, காகிதம் அவருக்குச் சொந்தமாம். அதில் எழுதியிருக்கும் சொல் எழுதியவரின் வாரிசுக்குச் சொந்தமாம். ஆகவே, மிஸ் மாரோ, காகிதம் உங்களுடையது, சொல் என்னுடையது. நான் அனுமதிக்காமல் நீங்கள் அச்சிட முடியாது. நீங்கள் காட்டாமல் நான் அச்சிட முடியாது. சட்டம் நம் இருவரையும் ஒரே வண்டியில் பூட்டியிருக்கிறது.

என் வீட்டிலேயே அவர் பேசியதை எழுதலாமே என்று கேட்பீர்கள். அவர் கதை சொல்லிச் சிரிக்கவைக்காத ஊர் இங்கிலாந்தில் இல்லை. எங்கள் சாப்பாட்டு அறை அந்த இங்கிலாந்தில் சேர்த்தியில்லை. "என் மூக்குக் கண்ணாடி எங்கே?" என்பதைப் பொன்மொழியாகப் போட்டால் ஆண்டில் பாதி நாள் நிரம்பிவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் அவர் மனைவி பொறாமைக்காரி என்று நினைப்பார்கள். சரியாகத்தான் நினைப்பார்கள்.

உண்மையுள்ள,
ஹெஸ்டர் தார்ன்கோம்


விட்பி,
14 மார்ச் 1908

மதிப்பிற்குரிய மிசஸ் தார்ன்கோம் அவர்களுக்கு,

தாங்கள் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மையோ என்னவோ, ஏனென்றால் நவம்பரிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் நூலக வாசலைப் பார்த்தபடியேதான் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறேன். அவர் மறைந்த செய்தி வந்த அன்று பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். மீன்காரர் லீட்லியின் மனைவி கடன் வாங்கிய நாவலைத் திருப்பித் தர வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மிஸ், யாரு போயிட்டாங்க? உங்க ஆளா?"

"தெரிஞ்சவர்" என்றேன்.

"தெரிஞ்சவருக்கா இப்படி அழுவாங்க? போங்க மிஸ்."

இதைத் தங்களைப் புண்படுத்த எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

நான் அவரிடம் நேரில் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நாற்பது நிமிடம். 1880-இல் எங்கள் ஊரில் கதை சொல்ல வந்தார். மேடையில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை எனக்கு. தாங்கள் முப்பது ஆண்டுகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதும் அவசியம் அவருக்கு இருந்திருக்காது. எனக்கு எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். ஆண்டுவாரியாக, எண் போட்டு, ரிப்பன் கட்டி வைத்திருக்கிறேன்.

அவற்றைக் கையைவிட்டு அனுப்ப எனக்கு மனம் வராது. வேண்டிய வரிகளை நானே படி எடுத்து அனுப்புகிறேன். நூலகத்துப் பட்டியல் எழுதி எழுதி என் கை பிழை செய்யாது.

ஒரு சிறிய விருப்பம். நான் அவருக்கு எழுதியவை தங்களிடம் இருக்குமே. அவற்றை எனக்குத் திருப்பித் தர முடியுமா?

தங்கள் பணிவுள்ள,
லெட்டிஸ் மாரோ


கிரேட் மால்வெர்ன்,
23 மார்ச் 1908

மதிப்பிற்குரிய மிஸ் மாரோ,

படி போதும். ரிப்பன் உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியவற்றைத் தேடினேன். இல்லை. என் கணவருக்குப் புகைக்குழாய் பற்றவைக்கத் தீக்குச்சி பிடிக்காது, கந்தக வாடை என்பார். வந்த கடிதங்களைச் சுருட்டி, கணப்புப் பக்கத்தில் ஒரு ஜாடியில் செருகி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாய் நெருப்பில் காட்டிப் பற்றவைப்பார். உங்களுடையதும் அந்த ஜாடியில்தான் போயிற்று. ஊதா நிறச் சுருள்களை நானே பார்த்திருக்கிறேன். வருந்த வேண்டாம். பிரதம மந்திரி எழுதிய பாராட்டும் அப்படித்தான் போயிற்று.

இதை உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

ஹெஸ்டர் தார்ன்கோம்


விட்பி,
20 ஏப்ரல் 1908

மதிப்பிற்குரிய மிசஸ் தார்ன்கோம் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. பிறகு யோசித்தேன். என் கடிதங்கள் எரிந்தாலும் அவர் புகைத்த புகையிலேயே போயின. அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

முதல் நாற்பது வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதிரிக்குச் சிலவற்றை இங்கேயே எழுதுகிறேன். எனக்கு மனப்பாடம், பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

'இரவல் கொடுத்த குடையும் சொல்லிவைத்த ரகசியமும் அடுத்த முறை கண்ணில் படும்போது வேறொருவர் கையில் இருக்கும்.'

'பாதிரியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எவ்வளவு நேரம் நீளும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.'

'நல்ல விருந்தாளி யார் என்பது அவர் தொப்பியைக் கழற்றும்போது தெரியாது, மாட்டும்போது தெரியும்.'

மேடையில் அவர் சொன்னவற்றைவிட இவை ஒரு படி மேல் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஊருக்குச் சொன்னது ஒன்று, எனக்குச் சொன்னது ஒன்று. கேட்டுச் சிரிக்கத் தெரிந்த இடத்தில்தானே மனிதர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். தாங்கள் வீட்டுப் பொறுப்புகளில் மூழ்கியிருந்திருப்பீர்கள்.

தங்கள்,
லெட்டிஸ் மாரோ

பி.கு: புகையிட்ட ஹெர்ரிங் மீன் ஒரு பெட்டி ரயிலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் அவருக்கு அனுப்புவது வழக்கம்.


கிரேட் மால்வெர்ன்,
27 ஏப்ரல் 1908

மிஸ் மாரோ,

மீன் வந்தது. வீடு இரண்டு நாளாய் ஒரு மீன்படகு. சமையல்காரி மிசஸ் டாட், "அம்மா, யாரோ ஒரு வாசகின்னு வருஷா வருஷம் இத அனுப்பிச்சே, அது இந்தப் பொம்பளதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஐயா ஒண்ணுகூட வாயில வச்சதில்லம்மா. எல்லாம் பூனைக்குத்தான்" என்றாள். ஆறுதலாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தில் ஆறுதல் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதுதான் வருத்தம்.

ஏனென்றால் உங்கள் நாற்பது வரிகளையும் படித்தேன். நன்றாக இருக்கின்றன. ஒன்றிரண்டு எங்கேயோ கேட்டாற்போலக்கூட இருக்கின்றன, அவர் புத்தகங்களில் பார்த்திருப்பேன். குடை வரியைப் படித்து நானே சிரித்தேன். சிரித்துவிட்டு, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என் மேஜையில் ஒரு நாளும் பரிமாறாத பண்டத்தை வடக்கே ஒருத்திக்கு மாதந்தோறும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் திங்கட்கிழமைகளில் நான் காய்கறிப் பாத்தியில் களை பறிக்கப் போவேன். களை இருக்காது. கண்ணாடி வீட்டுக்குள் அவர் சிரிப்பது அங்கே நின்றால் கேட்கும். வயிறு குலுங்கும் சிரிப்பு. என்னோடு இருக்கும்போது அந்தச் சிரிப்பை அவர் சிரித்ததில்லை. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் முகம் இறுகிவிடும். கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கஞ்சி போட்ட சட்டைக் கையில் எதையோ கிறுக்குவார். என் பேச்சு காதில் ஏறவில்லை, கவிதை யோசிக்கிறார் என்று வாயை மூடிக்கொள்வேன். மறுநாள் மிசஸ் டாட், "அம்மா, மறுபடியும் பென்சிலு. எச்சி தொட்டாலும் போவல" என்பாள். நன்றாகச் சோப்புப் போடு என்பேன்.

வீட்டுப் பொறுப்புகளில் மூழ்கியிருந்தேன் என்றீர்கள். ஆமாம், சட்டைக் கை வெளுப்பது பெரிய பொறுப்பு.

பாக்கி ஐம்பத்தாறையும் அனுப்புங்கள். முள் தைத்தாயிற்று, முழுவதும் தைக்கட்டும்.

ஹெ. தார்ன்கோம்


விட்பி,
25 மே 1908

அன்புள்ள மிசஸ் தார்ன்கோம்,

அவர் சிரித்ததை எழுதியதற்கு நன்றி. தாங்கள் அதை எனக்குக் கொடுக்க நினைத்து எழுதவில்லை என்று தெரியும். எடுத்துக்கொண்டேன். என் கடிதங்களைப் படித்து அவர் அப்படிச் சிரித்தார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. நூலகத்துக் கூரையில் குஞ்சு பொரித்த கடற்பறவையைப் பற்றியும், ஒரே நாவலை ஒன்பது முறை எடுத்துப் போன கேப்டனைப் பற்றியும்தான் எழுதுவேன்.

ஐம்பத்தாறு வரிகள் இத்துடன். இவற்றில் குடும்பம், திருமணம் பற்றியவை அதிகம். உதாரணமாக 1889-இல் எழுதியது: 'கணவன் யோசிக்கிறான் என்று ஊர் நினைக்கிறது. அது அஜீரணம் என்று மனைவிக்குத்தான் தெரியும்.' தன்னைத் தானே இப்படிக் கேலி செய்ய எவ்வளவு பெரிய மனம் வேண்டும்.

இப்போது ஒரு வேண்டுகோள். என் பிறந்தநாள் அக்டோபர் பதினான்கு. அந்தத் தேதியில், அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும். பெயர் வேண்டாம், நான் தெரிந்துகொண்டால் போதும். என் பெட்டியில் தேடினேன். அவர் எனக்கு எழுதியவர், ஆகவே என்னைப் பற்றி எனக்கே எழுதாதது இயல்புதான். வீட்டில் என்றாவது என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். தயவுசெய்து நினைவுபடுத்திப் பாருங்கள்.

அன்புடன்,
லெட்டிஸ் மாரோ


கிரேட் மால்வெர்ன்,
29 மே 1908

மிஸ் மாரோ,

அந்த அஜீரணம் என்னுடையது.

1889, செப்டம்பர். சர் வில்ஃப்ரெட் என்ற ஒரு ரசிகர் விருந்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து என் கணவர் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரும் பேசாதீங்க, கவிஞர் சிந்தனையில இருக்கார்" என்று சர் வில்ஃப்ரெட் கையை உயர்த்தினார். நான் சொன்னேன்: "சிந்தனையில்ல சர் வில்ஃப்ரெட், பன்றிக்கறிப் பணியாரம். புருஷன் யோசிக்கிறான்னு ஊரு நினைக்குது, பெண்டாட்டிக்குத்தான் அஜீரணம்னு தெரியும்." மேஜையில் ஒன்பது பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார்.

இதைப் பார்த்த பிறகு உங்கள் தொண்ணூற்றாறையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடை, மிசஸ் பாசெட் இரவல் வாங்கிய என் பச்சைக் குடை. பாதிரியார், எங்கள் பாதிரியார். தொப்பி, அவருடைய சொந்தத் தம்பியின் தொப்பி. நான் பேசியதை நான் எழுதி வைத்ததில்லை, அதனால் மறந்துபோயிற்று. ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

என்னிடம் சிரிக்காமல், என் வாயிலிருந்து எடுத்து, தன் பெயரைப் போட்டு, இன்னொருத்தியின் மனதைக் குளிர்விக்க அனுப்பியிருக்கிறார். காதலிக்கு நகை கொடுக்கிற கணவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்டாட்டி கழுத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். இதற்குத்தான் முப்பது ஆண்டுகள் காத்திருந்தேனா? வயிறு எரிகிறது, மிஸ் மாரோ. நாகரிகமாக எழுத வரவில்லை.

ஜூன் பதினாறாம் தேதி ஊர் மண்டபத்தில் அவருக்குப் பித்தளைப் பலகை வைக்கிறார்கள். திரையை இழுக்க நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடவும் போகிறேன். புத்தகம் வேண்டாமென்று கிரிம்ஷாவுக்கு எழுதப் போகிறேன். சொல் திருடனுக்குப் பிறந்தநாள் புத்தகம் எதற்கு?

உங்கள் அக்டோபர் பதினான்குக்கு: அவர் உங்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

ஹெஸ்டர் தார்ன்கோம்


விட்பி,
3 ஜூன் 1908

மிசஸ் தார்ன்கோம்,

திரையை இழுக்க மாட்டேன் என்று இன்னும் சொல்லிவிடவில்லையென்றால், இந்தக் கடிதத்தை முடிக்கும் வரை பொறுங்கள். இன்று மத்தியான ரயிலில் பெட்டியை அனுப்பிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. ரிப்பனோடு.

அவர் திருடவில்லை. திருடியது நான்.

1889 கடிதத்தைத் தாங்களே பார்க்கலாம், எண் 74. அதில் இருப்பது இது: 'ஹெஸ்டர் சொன்னாள்: கணவன் யோசிக்கிறான் என்று ஊர் நினைக்கிறது...' எண் 31-இல் குடை. 'ஹெஸ்டர் சொன்னாள்.' எண் 40, பாதிரியார். 'ஹெஸ்டர் சொன்னாள்.' தொண்ணூற்றாறில் எழுபத்தொன்று அப்படி. நான் படி எடுத்தபோது அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டேன்.

முதல் வரியில் அந்த இடம் வந்தபோது பேனாவில் மை தொட்டுக்கொள்ள எடுத்தேன். திரும்ப வைத்தபோது இரண்டு சொல் தாண்டி வைத்தேன். இரண்டாவது வரியில் மை தொடவேண்டியிருக்கவில்லை. சிரமமே இல்லை, மிசஸ் தார்ன்கோம். இருபத்தேழு ஆண்டுகளாகக் கண்ணால் தாண்டிப் பழகிய இடம்தானே, கை தானாகத் தாண்டியது.

தாங்கள் என்மேல் பொறாமைப்பட்டதாக எழுதியபோது நான் சந்தோஷப்பட்டேன். ஒரு முழு நாள் சந்தோஷப்பட்டேன். யாரும் என்மேல் பொறாமைப்பட்டதில்லை. மாதாமாதம் வாசலில் தபால்காரரைப் பார்த்து நின்று, உறையைக் கிழித்து, முதல் பக்கத்திலேயே தங்கள் பெயரைச் சந்தித்து, வயிறு எரிந்து, அப்படியும் அடுத்த மாதம் வாசலில் நின்றவள் நான். மால்வெர்னில் யார் வந்தார், தாங்கள் என்ன சொன்னீர்கள், யார் வாயடைத்துப் போனார், இதுதான் கடிதம். என்னைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி, இருநூற்றுப் பன்னிரண்டு முறை: 'உங்கள் கடிதம் கிடைத்தது.'

எண் 119-ஐத் தனியாக மேலே வைத்திருக்கிறேன். அதை முதலில் படியுங்கள். அதைக் கொடுக்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தங்கள் கண்ணில் அவர் திருடனாக இருக்க நான் விடமாட்டேன். எனக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

லெட்டிஸ் மாரோ


அஞ்சலட்டை
8 ஜூன் 1908

பெட்டி வந்தது. படிக்கிறேன். சொல்லிவிடவில்லை.
ஹெ. தா.


கிரேட் மால்வெர்ன்,
22 ஜூன் 1908

மிஸ் மாரோ,

எண் 119-ஐ எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். 'ஹெஸ்டர் பேசும்போது நான் சிரிப்பதில்லை. சிரித்தால், இந்த வீட்டில் கவி யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சொன்னவற்றை என் புத்தகத்தில் போட்டுக்கொள்ளவும் மனம் இடம் கொடுக்கவில்லை, அது பக்கத்து மரத்துப் பழம். யாரிடமாவது சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவேன், ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.'

ஆக, நாம் இருவர் மட்டும் இல்லை. அந்த மனிதரும் வயிறெரிந்திருக்கிறார். கண்ணாடி வீட்டில் உட்கார்ந்து, என் பேச்சைச் சட்டைக் கையிலிருந்து காகிதத்தில் ஏற்றி, அங்கே சிரித்திருக்கிறார். ஆறு கஜம் தள்ளி இல்லாத களையைப் பறித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ஒரு தடவை சிரித்திருக்கலாம். ஒரே ஒரு தடவை, சாப்பாட்டு அறையில், என் முகத்துக்கு எதிரே. நானே பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டேன் தெரியுமா? கடைசி பத்து வருடக் கடிதங்கள் மெலிந்துபோயிருக்கின்றன. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பித்தளைப் பலகைக்குப் போனேன். திரையை இழுத்தேன். மேயர், "அம்மா, அவரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். "என் கணவருக்குக் காது நல்லாக் கேட்கும். இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

கிரிம்ஷா வந்தார். கடிதத்தில் இருக்கிறபடியே, இரண்டு சொல்லும் விடாமல் அச்சிடச் சொன்னேன். "அம்மா, எழுபத்தோரு நாளுக்கு 'ஹெஸ்டர் சொன்னாள்'னு போட்டா ஜனங்க யாரு புத்தகம்னு குழம்பிடுவாங்க" என்றார். குழம்பட்டும், நான் முப்பது வருடம் குழம்பினேன் என்றேன். சொல் வாரிசுக்குச் சொந்தம். இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கே சொந்தம்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அந்தப் புத்தகத்தை உங்கள் நூலகத்தில் ஊரெல்லாம் கேட்கும், நீங்களே எடுத்து எடுத்துக் கொடுப்பீர்கள், எழுபத்தோரு இடத்திலும் என் பெயரைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது மேல்.

சிரிப்பு விஷயம் ஒன்று பாக்கி. கண்ணாடி வீட்டில் கேட்டது உங்கள் கடிதத்துக்கா, என் பேச்சுக்கா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பங்கு கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. வயதாகிறது.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காகிதம் உங்களுடையது.

ஹெஸ்டர் தார்ன்கோம்


கிரேட் மால்வெர்ன்,
28 நவம்பர் 1908

மிஸ் மாரோ,

ஐந்து மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் எனக்குத்தானே முன்னுரிமை?

புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதியை உங்களுக்கு அனுப்புகிறேன். நீலத் துணி அட்டை எனக்குப் பிடிக்கவில்லை, கிரிம்ஷாவுக்குப் பிடித்திருக்கிறது. அக்டோபர் பதினான்கைப் பாருங்கள். கடைசி நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. வடக்கே ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டு வந்த ஒரு நாள் அவர் சொன்னது. நான்தான் மறந்துபோயிருந்தேன். பிப்ரவரி இருபத்தொன்று என் பிறந்தநாள், அங்கே குடையைப் போட்டிருக்கிறேன்.

மழை விடவில்லை. மிசஸ் டாட்டின் பூனை இந்த ஆண்டு மீன் வருமா என்று வாசலைப் பார்க்கிறது.

ஹெஸ்டர் தா.


விட்பி,
5 டிசம்பர் 1908

அன்புள்ள ஹெஸ்டர்,

கோபம் இல்லை. வெட்கம். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், அதனால் தாங்கள் தவறாக நினைத்ததில் குற்றமில்லை.

புத்தகம் வந்த அன்று லீட்லியின் மனைவி நூலகத்தில் இருந்தாள். "உங்க பொறந்த நாளப் பாருங்க மிஸ்" என்று அவளே புரட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'சொல்லுக்கு வாய் பிறந்த வீடு, காதுதான் புகுந்த வீடு.' படித்துவிட்டு, "யாரு காது மிஸ்?" என்று கேட்டாள். நான் சந்தாப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் போகும் வரை தலை நிமிரவில்லை.

ஹெஸ்டர், இதை அவர் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறவளிடம் இதை ஒளிக்க முடியாது. அவராக இருந்தால் இதற்கு மூன்று வரி எடுத்திருப்பார், நடுவில் ஒரு நிலாவை வைத்திருப்பார். அதோடு, அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்ட இடம் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் அவற்றை விட்டது பறித்துக்கொள்ள. தாங்கள் விட்டது கொடுத்துவிட. எழுபத்தோரு நாளும் தங்கள் பெயரைப் போடச் சொல்லிச் சண்டை போட்டவர், என் நாளில் மட்டும் போடவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். இந்த வரியைப் படித்ததும் முதலில் வந்தது அதுதான். இப்படி ஒன்றை யோசிக்க என்னால் ஒரு நாளும் முடியாது என்று வயிறு எரிந்தது. அவர் எப்படி இருபத்தேழு ஆண்டுகள் தாங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஊதா மையை எடுத்தேன். அந்த வரிக்கு முன்னால் 'ஹெஸ்டர் சொன்னாள்' என்று எழுதினேன். அச்சு எழுத்தோடு ஒட்டவில்லை, கொஞ்சம் சரிந்துவிட்டது. அதன் கீழே, கோட்டின் மேல், என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன்.

பூனைக்கு மீன் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் திங்கட்கிழமை அங்கே இருக்கும், மாதத்தின் முதல் திங்கள். கண்ணாடி வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கே குளிரும். காலை உணவு மேஜையிலேயே பிரியுங்கள்.

லெட்டிஸ்